பொக்கற்றுக்குள் கிடந்தவை: மட்டக்களப்புப் பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, கல்லடி

காலையில் கொழும்புக் கோட்டையில் உதயதேவியில் ஏறி, பின்னேரம் மட்டக்களப்பில் இறங்கினேன். வெலிக்கந்தை தாண்டியதும் பெட்டியில் பாதிப்பேர் நித்திரை. ஓட்டமாவடிப் பாலத்தில் எல்லாரும் ஒருதரம் கண் முழித்து ஆற்றைப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்துவிட்டார்கள். பயணத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வடை நன்றாக இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவோடு படித்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், கல்லடியில் இருக்கிறார். ஊருக்கே அவர் சேர், எனக்கும் சேர்தான். மனைவியும் படிப்பித்தவர், ஆகவே ரீச்சர். சேர் பழைய இராணுவ உடுப்புகள் சேர்க்கிறார். அவற்றைப் படம் எடுத்து, ஒழுங்கான பட்டியல் ஒன்று கணினியில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

வெள்ளவத்தையில் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். "பட்டாளத்து உடுப்பா? அதுவும் மட்டக்களப்பிலயா?" நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் பட்டாளத்து உருமறைப்பு அச்சில் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாலே வம்பு தேடி வரும். சேர் இதற்கு ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்: இலங்கைச் சீருடை ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது. எந்தப் பக்கத்தினுடையதும். பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் உடுப்புகள், இங்கிலாந்தில் இருக்கும் மருமகன் சந்தைகளில் வாங்கி அனுப்புபவை. மிச்சம் ஜெர்மன் கோட்டுகள் சில, அமெரிக்கச் சட்டை ஒன்று.

பதக்கம், தொப்பி, பட்டி ஒன்றும் சேருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது பொக்கற். உடுப்பு வந்தால் முதலில் விரல் நுழைவது அங்கேதான்.

இரவுச் சாப்பாடு பிட்டும் இறால் கறியும், பிறகு எருமைத் தயிர். ஐஸ் எடுக்க ரீச்சர் ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்தார். இறால் பொட்டலங்களுக்கு நடுவே இரண்டு பொலித்தீன் சுற்றிய காக்கி மூட்டை ஒன்று இருந்தது. கம்பளித் துணியை அரிக்கும் பூச்சியின் முட்டை, புழு எல்லாம் சாக வேண்டுமென்றால் இரண்டு கிழமையாவது உறைகுளிரில் வைக்க வேண்டுமாம். நூதனசாலைகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். "பெருநாளுக்குக் கோழி வைக்க இடமில்ல, இவர்ட வெள்ளைக்காரன் படுத்திரிக்கான்" என்றார் ரீச்சர். சேர் கேட்காத மாதிரித் தயிரைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி இரவு, கல்லடி

இன்று முழுக்க மேசையும் விளக்கும்தான். உடுப்பைப் பரப்பி, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, பொக்கற் பொக்கற்றாகக் குறிப்பு எழுதினோம். சேர் கைக்குப் பருத்திக் கையுறை தந்தார். இந்த வெக்கையில் அதைப் போட்டால் கை அவிந்துவிடும், ஆனால் போட்டேன்.

இந்தச் சேகரிப்புத் தொடங்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கல்லடி எப்படி ஆனது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரம் சரிந்து நின்றதைப் பிற ஊர்க்காரரும் படத்தில் பார்த்திருப்பார்கள். அதன்பிறகு உலகமெல்லாம் இருந்து உடுப்பு மூட்டைகள் வந்தன. மனசு நல்ல மனசு, உடுப்புத்தான் பொருந்தவில்லை. குளிர்நாட்டு ஜக்கெற், கம்பளிக் காற்சட்டை, உரோமம் வைத்த தொப்பி. தை மாத மட்டக்களப்பில் அவற்றை யார் போடுவது? சேர் அப்போது பள்ளிக்கூட முகாம் ஒன்றில் உடுப்புப் பிரிக்கும் பொறுப்பில் இருந்தார். ஒரு மூட்டைக்குள் ஜெர்மன் இராணுவக் கோட்டு, இரண்டு தோளிலும் சின்னதாகக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி. பச்சை நிறம் வேறு. அதை யாருக்காவது கொடுத்தால் வாங்கிப் போட்டவர் முதல் சந்தியிலேயே பதில் சொல்ல வேண்டி வரும் என்று ஒதுக்கி வைத்தார். வைக்கும்போது பொக்கற்றுக்குள் ஏதோ உருண்டது.

அந்தப் பொருளை இன்று கையில் எடுத்துப் பார்த்தேன். கடும் கபில நிறத்தில் ஒரு கொட்டை. ஒரு பக்கம் வெளிறிய வட்டம், மற்றப் பக்கம் தேய்ந்து தேய்ந்து வந்த மினுக்கம். சுருங்கி, ஒரு மூலையில் தோல் வெடித்திருக்கிறது. முகாமில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்களாம். ஒரு பாட்டி முளைக்கப் போடச் சொன்னாராம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் தெருவெல்லாம் விழுந்து கிடக்கும் குதிரைச் செஸ்நட் மரத்தின் விதை அது என்று பிறகுதான் சேருக்குத் தெரிந்தது. சட்டைப்பையில் வைத்திருந்தால் மூட்டுவலி வராது என்று ஜெர்மனியில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. கோட்டுக்காரருக்கு முழங்கால் வலி இருந்ததோ, பிள்ளை ஒன்று பொறுக்கித் தந்ததோ. அது நமக்குத் தெரியப்போவதில்லை, ஆனால் அந்த மினுக்கம் விரல் பட்டு வந்ததுதான்.

மற்றவற்றில் இரண்டு மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன், முழுப் பட்டியல் வேண்டியவர்கள் சேரைத்தான் பிடிக்க வேண்டும்.

போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் படைக்கு வந்த உடுப்பு பேட்டில்டிரெஸ் என்பது. இடுப்போடு நிற்கும் கட்டைச் சட்டை, தடித்த கம்பளிக் காற்சட்டை. உள்ளே வெள்ளைச் சீட்டு தைத்திருக்கும்: அளவு, தைத்த கொம்பனி, வருடம், அரசாங்கச் சொத்து என்று காட்ட ஓர் அம்புக்குறி. காற்சட்டையின் இடத்தொடையில் வரைபடம் வைக்கப் பெரிய பை. வலப்பக்கம் முன்னால், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அளவில் இன்னொரு பை. அதற்கு வேலை ஒன்றே ஒன்று: காயம் பட்டால் கட்டுகிற துணிப்பொதி வைக்க. சேரிடம் உள்ள ஒரு காற்சட்டையில் அந்தப் பொதி பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. காக்கித் துணி உறை, மேலே எப்படிக் கட்டுவது என்று பொடி எழுத்தில் விளக்கம்.

நான் உருகிப்போனேன். சேர் உருகவில்லை. "பொறு தம்பி, இது வியாபாரி வைச்சதாவும் இரிக்கலாம்" என்றார். வெறும் காற்சட்டைக்கு ஒரு விலை, பொதியோடு என்றால் வேறு விலை. சந்தைகளில் பழைய பொதி தனியாகக் கிடைக்கும், வாங்கி உள்ளே செருகினால் முடிந்தது. சினிமா ரிக்கற், காதல் கடிதம், காய்ந்த பூ எல்லாம் இப்படிச் செருகப்படுகிறதாம். கடிதம் என்றாலே சேர் சந்தேகப்படுவார்.

அப்போ எப்படி நம்புவது? பையின் உட்துணியைப் பார்க்க வேண்டும். நெடுநாள் கிடந்த பொருள் துணியில் தன் உருவத்தை விட்டுவிடும். இரும்பு ஊசி என்றால் துருக்கோடு, செம்பு, பித்தளை என்றால் பச்சைக் களிம்பு. பொருளை எடுத்து அந்தக் கறைமேல் வைத்தால் விளிம்புக்கு விளிம்பு பொருந்த வேண்டும். அந்தப் பொதி இருந்த பையின் துணி வெளியே வெளுத்து, உள்ளே பொதி மறைத்த அளவுக்கு மட்டும் கடும் நிறமாக இருந்தது. ஆகவே சேர் பட்டியலில் "அனேகமாக உண்மை" என்று போடச் சொன்னார். "உண்மை" என்று போட விடவில்லை.

இன்னொரு சட்டை, காக்கிப் பருத்தி. மேல்பையில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு கடதாசித் துண்டு, ஒரு பக்க விளிம்பு பல்லுப் பல்லாக. 1942இல் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது இலங்கை அரசாங்கம் சதங்களுக்கே நோட்டு அடித்தது. அதில் 5 சத நோட்டுக்கு நடுவே முத்திரைக்கு இடுவது போலத் துளை இட்டிருப்பார்கள். கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். சேரிடம் இருப்பது 3 சதப் பாதி. இங்கிலாந்தில் வாங்கிய சட்டைக்குள்! 2 சதத்துக்கு ஏதோ வாங்கிவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டிருக்கிறான். கழுத்துப் பட்டியின் உட்பக்கம் கறுப்பாக இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அது இராணுவம் போட்டதல்ல, உடுப்பு வெளுத்தவர் போட்ட குறி. கடதாசியை யாரும் செருகலாம், கழுத்துக் குறியை யார் போய்ப் போடுவது? சேர் பட்டியலில் "உண்மை" என்று வந்த மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அப்புறம் தூசி. ஆம், தூசி. பை மூலையில் உருண்டு திரண்டு கிடக்கும் பஞ்சு, புகையிலைத் தூள், மணல். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடித உறைக்குள் போட்டு, எந்த உடுப்பு, எந்தப் பை என்று எழுதி வைத்திருக்கிறார். ரீச்சர் ஒருதரம் மேசை துடைத்தபோது ஒரு உறையைக் குப்பையில் போட்டுவிட்டாராம். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு மத்தியானத்தில் ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பைகளில் முக்கியமான எதுவுமே இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய் எந்நேரமும் வைத்திருக்க வேண்டியது ஏபி 64 என்ற சம்பளப் புத்தகம். உயில் எழுதுவதற்கும் அதற்குள்ளேயே பக்கம் இருந்தது. கழுத்தில் இரண்டு வில்லைகள், பச்சையில் எண்கோணம், சிவப்பில் வட்டம். இறந்தால் பச்சை உடலோடு போகும், சிவப்பைக் கணக்குக்கு எடுப்பார்கள். இவை ஒன்றும் பையில் மறந்து கிடப்பதில்லை, கேட்பார்கள் என்று ஆளுக்குத் தெரியும். யாரும் கேட்காதது எதுவோ அதுதான் மிஞ்சுகிறது: கொட்டை, 3 சதம், புகையிலைத் தூள்.

பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். சேர் கையைக் கிழக்கே நீட்டி, "ஹெர்மிஸ் அங்க" என்றார். 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் வந்து மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். தாங்குவதற்கு அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள். தப்பி நீந்தியவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. கப்பல் இன்னும் 50 மீற்றர் ஆழத்துக்கு மேல் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். அதிலிருந்து எடுத்தது என்று யாரோ ஒருதரம் சேரிடம் ஒரு பொத்தானை விற்க வந்தாராம். "சவக்காலையில கிண்டினதை வீட்டுக்குக் கொண்டு வராத" என்று அனுப்பிவிட்டார்.

சனி இரவு, கல்லடி

இன்று காலையும் பட்டியல்தான். அமெரிக்கச் சட்டையில் ஒன்றும் இல்லை, பை உள்ளே தோய்த்து அயன் பண்ணின சுத்தம். ஒரு பேட்டில்டிரெஸ் சட்டையின் உட்பையில் பெரிய ஊதாக் கறை. பேனை மை என்று எழுதினேன். சேர் பேசாமல் ஒரு கேள்விக்குறியைப் பக்கத்தில் போட்டார்.

பத்து மணிபோல ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். சட்டையின் மேல்பை மூடியைத் தூக்கினார், பொத்தானைப் போட்டார், கழற்றினார். பிறகு, "என்ட சாமானும் ஒண்டு இப்பிடி ஒரு பொக்கற்றுக்குள்ள கிடந்ததுதான்" என்றார். சேர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த கதைதான் போல, ஆனால் இந்த மேசையில் அது வரும் என்று நினைத்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், டிசம்பர் மாதம், ஓ-லெவல் சோதனை. ரீச்சருக்கு வேறொரு பாடசாலையில் மேற்பார்வை. மழை. சென்றியில், அதுதான் இராணுவச் சோதனைச் சாவடியில், பஸ்ஸை நிற்பாட்டி எல்லாரையும் இறக்கி, ஐசி வாங்கிப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அடையாள அட்டை இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு சந்தி தாண்ட முடியாது. கையில் காசு இல்லாமல் போகலாம், குடை இல்லாமல் போகலாம், ஐசி இல்லாமல் போக முடியாது.

"சின்னப் பொடியன். நம்மட பத்தாம் வகுப்பில இரிக்கிற வயசுதான் இரிக்கும். என்டதை வாங்கினான், பாத்தான், திருப்பித் தரப் போறான், அந்த நேரம் பின்னுக்கு ஆரோ கூப்பிட்டாங்க. மழை நனையாம மேல் பொக்கற்றுக்குள்ள வைச்சுப் பொத்தானைப் போட்டான். ஓடிப்போய் வாகனத்தில ஏறினான். போயிட்டான்."

மற்ற எல்லாருக்கும் ஐசி திரும்பியது. பஸ் போய்விட்டது. ரீச்சர் மழையில் நின்று அடுத்து வந்தவரிடம் சொன்னார். அவருக்குத் தமிழ் புரியவில்லை, இவருக்குச் சிங்களம் அவ்வளவு வராது. நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளைக்கும் நாளைக்கு என்றார்கள். சோதனை மேற்பார்வைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். ரீச்சர் வீட்டுக்குள்ளேயே.

ஒரு கிழமை கழித்து, மைம்மல் பொழுதில் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். ரீச்சரிடம் எட்டாம் வகுப்புப் படிப்பவன். தகப்பன் உடுப்பு வெளுப்பவர், இராணுவ முகாம் உடுப்பும் அவருக்கு வரும். பையன் ஒரு பேப்பர் மடிப்பை நீட்டிவிட்டு, "ரீச்சர், இது தண்ணிக்குள்ள கிடந்த" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான்.

ரீச்சர் உள்ளே போய் அந்த ஐசியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறையின் ஒரு மூலை வாயைப் பிளந்து, அந்த வழியே சலவைச் சோடாத் தண்ணீர் ஏறியிருக்கிறது. கடதாசி ஊதிப்போய்க் கெட்டியாகிவிட்டது. படத்தில் கண்ணும் கொண்டையும் இருக்கின்றன, வாயும் நாடியும் வெள்ளை. இலக்கத்தின் கடைசி எழுத்து வழிந்திருக்கிறது. ஜீஎஸ்ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், கடிதம் வாங்கி, அதையும் இதையும் சேர்த்துக் காட்டிக்கொண்டு, புது ஐசி வரும் வரைக்கும் மாதக்கணக்காகத் திரிந்தாராம்.

"அவன் களவெடுக்கல்ல. மறந்து போனான், அவ்வளவுதான்" என்றார் ரீச்சர். பிறகு, "மறக்கிறதுக்கு அவனுக்கு ஏலும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சேர் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. நான்தான் கேட்டேன், அந்தப் பையன் இப்போது எங்கே என்று. கல்முனையில் லோன்றி வைத்திருக்கிறாராம். திருமணம் முடித்துப் பெண்வீட்டோடு போனவர், கிழக்கில் அதுதானே வழக்கம். நாளைக்குப் போவோம் என்று ரீச்சர் குசினிக்குள் இருந்தே சொன்னார்.

ஞாயிறு இரவு, கல்லடி

காலையில் கல்முனை பஸ். காத்தான்குடியில் இறங்கி மஸ்கெற் இனிப்பு வாங்க வேண்டும் என்று நினைத்தேன், பஸ் நிற்கவில்லை. ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை என்றபடியாலோ என்னவோ கேட்கவில்லை. சாறங்கள் மட்டும் கடை வாசலில் தொங்கின. சாறத்துக்குப் பொக்கற் இல்லை, மடியில் செருகினது அவிழ்த்த உடனே விழுந்துவிடும், சேருக்கு அதில் பிழைப்பே இல்லை என்று ரீச்சர் சொன்னார். நாள் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

லோன்றி சந்தையிலிருந்து உள்ளே போகும் ஒரு குறுக்குத் தெருவில். முன்னால் அயன் மேசை, சிரட்டைக்கரி அயன் பெட்டி ஒன்று, மின்சாரப் பெட்டி ஒன்று. பின்னால் கொடியில் ஆஸ்பத்திரி உடுப்புகள், பள்ளிக்கூட உடுப்புகள். முதலாளி எங்களைக் கண்டதும் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "ரீச்சர்!" என்று எழும்பி நின்றார். தலை நரைத்த ஆள், எட்டாம் வகுப்புக் குரல்.

வேலையைப் பற்றித்தான் முதலில் பேச்சு. ஊறப்போடுவதற்கு முதல் பொக்கற் பார்ப்பது அவர் தொழிலில் பாதி. பேனை ஒன்று தவறினால் ஒரு தொட்டி உடுப்பும் போச்சு. பாக்குத்துண்டு இன்னும் மோசம், அந்தக் கறைக்கு மருந்தில்லை. பார்க்கும் முறையைக் காட்டினார்: கையை உள்ளே விடுவதில்லை, ஊசியோ பிளேடோ இருக்கும். பையை வெளியிலிருந்து பிடித்துக் கசக்கி, அடிமூலையை இரண்டு விரலால் கிள்ளி, ஒரே இழுவையில் உட்பக்கத்தை வெளியே எடுத்துவிடுகிறார். மூலையிலுள்ள பஞ்சை நகத்தால் சுரண்டித் தட்டிவிட்டார். சேர் அந்தப் பஞ்சு காற்றில் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்த சாமான்கள் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள். ஊசி, சில்லறை, பஸ் சீசன், ஆஸ்பத்திரித் துண்டு, யாரோ ஒரு பிள்ளையின் சோதனைச் சுட்டெண் அட்டை. ஒவ்வொன்றோடும் உடுப்புக்காரரின் குறியை எழுதிக் கட்டியிருக்கிறார். சேர் ஆசையோடு அந்த ரின்னைப் பார்த்தார். "சேர், இது சேர்க்கிறதுக்கில்ல. உடுப்பெடுக்க வரக்குள்ள குடுக்கிற" என்றார் அவர் மெதுவாக.

நான் போனில் படங்களைக் காட்டினேன். ஊதாக் கறையைப் பெருப்பித்துப் பார்த்த உடனேயே, "இது பேனை இல்ல தம்பி, பென்சில்" என்றார். ஈரம் பட்டால் ஊதா மையாக மாறும் அழியாப் பென்சில் முந்தித் தபால் கந்தோரிலும் வேறு கந்தோர்களிலும் இருந்தது. எழுதும்போது சாம்பல் நிறம், தண்ணீர் பட்டால் இந்த நிறம். பேனை மை துணியில் வட்டமாகப் பரவும், பென்சில் என்றால் நடுவில் கோடு கடுமையாக நிற்கும், பக்கமெல்லாம் கசிந்திருக்கும். படத்தில் விரலை வைத்து அந்தக் கோட்டைக் காட்டினார். இருந்தது. அவ்வளவு நேரம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே அந்தச் சட்டை பென்சிலோடு தோய்க்கப்பட்டது. எண்பது வருடத்துக்கு முந்திய சிப்பாய் ஒருவனின் பென்சிலைப் பிடித்த சந்தோஷத்தில் சேர் ஒரு தேத்தண்ணி கூடுதலாகக் குடித்தார்.

கழுத்துப் பட்டிக் குறியைப் பார்க்க அவர் போனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "சேங்கொட்டை" என்றார். கொட்டையில் ஊசியைக் குத்தி, கசியும் பாலால் துணியில் குறி போட்டுச் சுண்ணாம்பு தொடுவார்கள், கறுத்துப் பிடித்துவிடும், துணி கிழிந்தாலும் குறி போகாது. வீட்டுக்கு வீடு குறி வேறு. அவர் அப்பாவின் குறி மூன்று புள்ளி. "இது எந்த ஊர் எண்டு சொல்லேலாது. ஆனா நம்ம மாதிரி ஆரோ ஒராள்ட கைதான்." இந்தியாவாகவும் இருக்கலாமே என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். 3 சத நோட்டைப் பற்றிச் சேர் சொன்னதும் சிரித்தார். "அப்ப அந்த மனிசன் பொக்கற் பாக்கல்ல. இல்லாட்டிப் பாத்திட்டு, சல்லியை உலர்த்தித் திருப்பி வைச்சிரிக்கணும்."

கடைசியில் ரீச்சர்தான் கேட்டார். "நீ அண்டைக்கு ஏன்டா நிக்காமப் போனாய்?"

அவர் அயன் பெட்டியின் மூடியைத் திறந்து கரியை ஊதினார். உடனே பதில் வரவில்லை. முகாம் உடுப்புக்கு அப்பா வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தாராம்: பொக்கற்றுக்குள் கை போகவே கூடாது. உள்ளே என்ன இருந்தாலும் அது இருந்தபடியே ஊறட்டும். ஏதாவது காணாமல் போனதென்று கேட்டால் தொடவில்லை என்று சொல்ல வேண்டும், அதற்கு உண்மையிலேயே தொடாமல் இருக்க வேண்டும். மற்றப் பக்கத்திலும் இந்த வேலையைப் பற்றிக் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். அந்த ஐசி பொக்கற்றிலிருந்து தானாகத் தண்ணீருக்குள் கழன்று வந்தது. படத்தில் ரீச்சர்.

"முகாமுக்குத் திருப்பிக் குடுத்தா, ஏன்டா பொக்கற்ற நோண்டினாய் எண்டு கேப்பாங்க. என்ட கையில வைச்சிக்கிட்டு வந்தா, வழியில செக் பண்ணினா, வேற ஆள்ட ஐசி எங்கால எண்டு கேப்பாங்க. கிணத்துக்குள்ள போடச் சொன்னார் அப்பா. நான் சைக்கிள் சீற்றைக் கழட்டி, அந்தப் பைப்புக்குள்ள உருட்டி வைச்சிக்கிட்டு வந்தன். அதுதான் ரீச்சர், உங்கட ஐசி வளைஞ்சி இரிந்திரிக்கும்."

அது வளைந்திருந்ததை ரீச்சர் இத்தனை காலமும் தண்ணீரில் கிடந்ததால் என்று நினைத்திருந்தார். ஒன்றும் சொல்லாமல், வாங்கி வந்திருந்த முந்திரிகைப் பருப்புப் பையை மேசையில் வைத்தார். அவர் வேண்டாம் என்றார், ரீச்சர் வகுப்பறைக் குரலில் எடு என்றார், எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தோம். பக்கத்தில் நின்றவர் மேல்பையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக வந்தார்.

திங்கள் மத்தியானம், புளியந்தீவு

இரவு ரயிலுக்குப் பதிவு செய்திருக்கிறேன், அதனால் இதை மத்தியானமே எழுதுகிறேன். கோட்டை பார்க்கலாம் என்று வந்தேன். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை. சுவரோரம் நிழல் இருக்கிறது, உட்கார்ந்து எழுத நல்ல இடம்.

இதே மாதிரிச் சேர்ப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், இரண்டு விஷயம் மட்டும் சேர் சொல்லச் சொன்னார். பையில் மடித்த கடதாசி இருந்தால் காய்ந்தபடியே விரிக்காதீர்கள், மடிப்பிலேயே உடைந்துவிடும், தெரிந்தவர்களிடம் கொடுங்கள். உலோகம் இருந்தால் துணியிலிருந்து பிரித்து வையுங்கள், கடற்காற்றில் களிம்பு துணியையும் தின்றுவிடும். பிரிக்கும் முன் இருந்த இடத்தைப் படம் எடுங்கள். பொலித்தீனில் நெடுநாள் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இது மூன்றாவது, நான்காவது விஷயம் என்று எனக்கும் தெரியும், சேருக்கு இரண்டோடு நிறுத்தத் தெரியாது.

காலையில் பட்டியலை முடித்தோம். ஊதாக் கறைக்கு எதிரே "அழியாப் பென்சில், தோய்த்தபின்" என்று திருத்தினேன், கேள்விக்குறியை எடுத்துவிட்டேன். 3 சத நோட்டுக்கு எதிரே சேங்கொட்டைக் குறியைச் சேர்த்தேன். பிறகு சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரீச்சரிடம், அந்த ஐசியையும் ஒரு உறையில் போட்டு இலக்கம் கொடுத்து வைத்தால் என்ன என்று கேட்டார். இந்த வீட்டில் உள்ள சாமான்களில் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது, எப்படி வந்தது என்று முதலிலிருந்து கடைசிவரை தெரிந்தது அது ஒன்றுதான் என்றார். அது உண்மைதான்.

"உங்கட சட்டப்படி இலங்கை உடுப்பு இந்த வீட்டுக்குள்ள வரப்படாதே" என்றார் ரீச்சர். "அது எந்த நாட்டுச் சட்டைப் பொக்கற்றில கிடந்த?"

சேர் யோசித்தார். உடுப்பு வரவில்லை, சாமான்தானே வந்தது என்று வாதாடப் பார்த்தார். ரீச்சர் ஐசியைத் தன் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தார்.

பட்டியலில் ஒரு இலக்கத்தைக் காலியாக விடச் சொல்லி சேர் எனக்குக் கண்ணைக் காட்டினார். விட்டேன். பின்னால் நின்ற ரீச்சர் திரையைப் பார்த்துவிட்டு அந்த வரியை அழிக்கச் சொன்னார். அழித்தேன்.